‘ரெஸ்டோர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே, எப்படி ஆள்வது?

கேள்வி: ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் வணக்கம். பழைய அரசுக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதில் ‘ரெஸ்டோர்’ என்ற வினைச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஓர் இயலில் மேற்கூரையை ரெஸ்டோர் செய்ய வேண்டும் என்கிறார்கள். அடுத்த இயலில், மின்தடை நீங்கி மின்சாரத்தை ரெஸ்டோர் செய்வதற்கு முன்பு எந்தெந்தச் சுவிட்சுகளை அணைத்து வைக்க வேண்டும் என்று விளக்குகிறார்கள். இறுதி இயலில் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளை பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்யும் முறை வருகிறது. எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள கலைச்சொல் பட்டியலோ, எல்லா இடத்திலும் ‘புதுப்பித்தல்’ என்று போடச் சொல்கிறது. மின்சாரத்தைப் புதுப்பிப்பது என்று எழுதக் கை வரவில்லை.

இதே கையேட்டில் ரிப்பேர், ரெனோவேட், ரிஃபர்பிஷ் ஆகிய சொற்களும் தனித்தனியே வருகின்றன; சில இடங்களில் ஒரே வாக்கியத்தில் ரிப்பேரும் ரெஸ்டோரும் அருகருகே நிற்கின்றன. ஆகவே எழுதியவர் வேறுபாடு தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்த வேறுபாடு என்ன என்பதே என் முதன்மையான கேள்வி. கூடவே ஓர் இலக்கண ஐயமும் உண்டு. அலுவலக அறிவிப்புகளில் ‘பவர் ரெஸ்டோர்ட் அட் ஃபைவ்’ என்றும், ‘ரெஸ்டோர்ட் பேக்’ என்றும் அடிக்கடி காண்கிறேன். இவை சரியான ஆங்கிலம்தானா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: ஆங்கில ஆசிரியை

நண்பருக்கு வணக்கம். இலக்கண ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றது பாதி தெளிந்துவிடும்.

தமிழில் மீள்வது வேறு, மீட்பது வேறு. நோயாளி நோயிலிருந்து மீண்டார் என்போம், மருத்துவர் அவரை மீட்டார் என்போம். திரும்பியது, திருப்பினார்கள் என்பதும் இப்படிப்பட்ட இணைதான். ஆங்கில ரெஸ்டோருக்கு இந்த இணையில் மீட்பது என்ற பாதி மட்டுமே உண்டு. தானாக மீள்வது என்ற பொருளில் அதை ஆள முடியாது. யாரோ ஒருவர் எதையோ ஒன்றை ரெஸ்டோர் செய்ய வேண்டும், அல்லது செயப்பாட்டு வினையில் ஒன்று ரெஸ்டோர் செய்யப்பட வேண்டும். ஆகவே ‘தி பவர் ரெஸ்டோர்ட் அட் ஃபைவ்’ என்று முழு வாக்கியமாக எழுதினால் மின்சாரம் ஐந்து மணிக்கு வேறு எதையோ மீட்டது என்ற பொருள் தொனிக்கும். ‘வாஸ்’ சேர்த்து எழுதுவதே முறை. ஆனால் அறிவிப்புப் பலகையிலோ செய்தித் தலைப்பிலோ ‘பவர் ரெஸ்டோர்ட்’ என்று மட்டும் இருந்தால் அதில் பிழை இல்லை. தலைப்புகளில் துணைவினையை விட்டுவிடுவது ஆங்கில வழக்கம், படிப்பவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார். தானாக வந்தது போலச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘ரெஸ்யூம்’ என்ற வினை இருக்கிறது. ‘சப்ளை ரெஸ்யூம்ட் அட் ஃபைவ்’ என்பது நல்ல ஆங்கிலம்.

‘ரெஸ்டோர்ட் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. மீண்டும் என்ற பொருள் ‘ரி’ என்ற முன்னொட்டிலேயே அடங்கியிருக்கிறது. ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்ளை பேக்’ என்று நம் அலுவலகங்களில் புழங்குபவையும் இதே வகையைச் சேர்ந்தவைதான்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். இலத்தீனில் ரெஸ்டௌராரே என்று இருந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. உணவு விடுதியைக் குறிக்கும் ரெஸ்டாரன்ட்டும் இதே வேரில் கிளைத்ததுதான். உடம்பைத் தேற்றும் சூப்பைப் பாரிஸில் முதலில் அந்தப் பெயரால் அழைத்தார்கள், பிறகு அதை விற்ற இடத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. முன்பு இருந்து, இடையில் இழந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவதே ரெஸ்டோரின் உள்ளீடு. மன்னர் ஆட்சி ஒழிக்கப்பட்டிருந்த இங்கிலாந்தில் 1660 இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறி மன்னராட்சி திரும்பியதை அந்நாட்டு வரலாற்றில் ‘தி ரெஸ்டொரேஷன்’ என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பிடுவதும் இதனால்தான். அது புதிய அரசு உருவானதைச் சொல்லும் பெயர் அன்று. இருந்த அரச மரபு திரும்பியதைச் சொல்லும் பெயர்.

இந்த வினையோடு ‘டு’ என்ற இடைச்சொல் சேர்ந்து வரும் இடங்களைக் கவனித்துப் படியுங்கள். ‘ரெஸ்டோர்ட் டு ஹெல்த்’ என்றால் உடல்நிலை திரும்பியது. ‘ரெஸ்டோர்ட் டு இட்ஸ் ஓனர்’ என்றால் பொருள் உடைமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. ‘ரெஸ்டோர்ட் டு பவர்’ என்றால் ஆட்சியை இழந்தவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். எந்த நிலைக்கு, யாரிடம், எந்த இடத்துக்கு என்பதை ‘டு’வுக்குப் பின்வரும் சொல் காட்டிவிடும். மின்சாரம், அமைதி, நம்பிக்கை, ஒழுங்கு போன்றவற்றுக்கு அந்த ‘டு’ தேவைப்படுவதில்லை. அவை இருந்தன, நின்றன, மீண்டும் வந்தன என்பதோடு கதை முடிந்துவிடும்.

மற்ற மூன்று சொற்களுக்கு இப்படிப் பின்னோக்கும் பார்வை கட்டாயமில்லை. ரிப்பேர் என்பது பழுதை மட்டும் பார்க்கும். பழுது நீங்கிப் பொருள் வேலை செய்தால் போதும். ரெனோவேட் என்ற சொல்லின் நடுவில் புதுமையைக் குறிக்கும் இலத்தீன் வேர் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே உங்கள் பட்டியல் சொல்லும் ‘புதுப்பித்தல்’ அதற்குத்தான் மிகப் பொருத்தம். ரிஃபர்பிஷ் என்பதில் உள்ள ‘ஃபர்பிஷ்’ துலக்குவதைக் குறிக்கும் பழைய சொல். பயன்படுத்தப்பட்ட பொருளைத் துடைத்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மறுபடி விற்பனைக்கோ பயனுக்கோ ஏற்றதாக்குவதை இன்று அது குறிக்கிறது. கடைகளில் ரிஃபர்பிஷ்ட் மடிக்கணினி என்று விற்பார்கள், ரெஸ்டோர்ட் மடிக்கணினி என்று பொதுவாக விற்பதில்லை. ஆனால் 1950களின் கார் ஒன்றை ஓர் ஆர்வலர் அதே வண்ணம், அதே இருக்கைத் துணி, அதே விளக்குகளோடு கொண்டுவந்து நிறுத்தினால் அது ரெஸ்டோர்ட் கார்.

ஆகவே உங்களுக்கு ஒரே தமிழ்ச் சொல் கிடைக்காது. மூலத்தில் இருந்த நிலைக்குத் திருப்புவது என்ற பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்றபடி எழுதுங்கள்.


பதில்: சுண்ணாம்புக்காரை

ஆசிரியை அம்மா அவர்களின் விளக்கத்தில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் அவருடைய கடைசி வரியில் உள்ள ‘மூலத்தில் இருந்த நிலை’ என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பழைய கட்டடங்களோடு நெடுங்காலமாகப் புழங்கும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் துறையில் இந்த ஒரு சொல்லைச் சுற்றி நடந்த சண்டை நூறாண்டுக்கும் மேற்பட்டது. சண்டையின் மையமே எது மூல நிலை என்பதுதான்.

முதலில் உங்கள் கூரைக்கு வருகிறேன். கட்டடம் ஆங்கிலேயர் காலத்தது என்றால் அது மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருக்க வாய்ப்பு அதிகம். தேக்கு மரக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்தி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இறுதியில் தட்டோடு பதிப்பார்கள். இந்தக் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெடிப்பில் சிமென்ட்டைப் பூசி ஒழுகலை நிறுத்தினால் அது ரிப்பேர், அதுவும் மோசமான ரிப்பேர். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், ஈரம் கட்டைகளைத் தேடிப் போகும். கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கான்கிரீட் தளம் ஒட்டினால் அது ரெனோவேஷன். பிரித்த செங்கற்களில் நல்லதைப் பொறுக்கி, உளுத்த கட்டைக்குப் பதில் அதே அளவுத் தேக்குக் கட்டையை வைத்து, அதே சுண்ணாம்பு வேலையைத் திரும்பச் செய்தால்தான் ரெஸ்டொரேஷன். மூன்று வேலைக்கும் ஆள் வேறு, செலவு வேறு, ஒப்பந்தப் பட்டியல் வேறு. உங்கள் மொழிபெயர்ப்பில் மூன்றுக்கும் ‘புதுப்பித்தல்’ என்று எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரர் எதைச் செய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் வயோலே-லெ-டியூக் என்ற கட்டடக்கலைஞர், ஒரு கட்டடத்தை ரெஸ்டோர் செய்வது என்றால் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையான நிலைக்குக்கூட அதைக் கொண்டுசெல்வதாக இருக்கலாம் என்று துணிந்து சொன்னார். பாரிஸ் நோத்ர-தாம் பேராலயத்தில் 1859 இல் எழுந்த கூர்ங்கோபுரம் அவர் வடிவமைத்தது. இங்கிலாந்தில் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1849 லேயே, ரெஸ்டொரேஷன் என்பது ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய முழுமையான அழிவு என்று எழுதிவிட்டார். அவர் வழி வந்த வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழங்கட்டடங்களைக் காக்க 1877 இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேவாலயச் சுவர்களில் காலங்காலமாகப் படிந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்கு ரெஸ்டொரேஷன் என்று பெயர் சூட்டியவர்களை எதிர்த்ததால் அந்தச் சங்கத்துக்குச் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. ஒரே சொல் ஒருவர் வாயில் புகழாகவும் இன்னொருவர் வாயில் வசையாகவும் இருந்த காலம் அது.

இதற்கு ஒரு வரம்பு கட்டியது, பழங்கட்டடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையான 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் ரெஸ்டொரேஷன் நின்றுவிட வேண்டும் என்பது அதன் விதி. காணாமற்போன பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 1979 இல் உருவான பர்ரா சாசனம் இன்னும் கறாரானது. ஏற்கெனவே இருக்கும் பகுதிகளைத் திரும்பச் சேர்த்தோ, பிற்காலத்தில் ஒட்டியவற்றை நீக்கியோ, அறியப்பட்ட முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அதன்படி ரெஸ்டொரேஷன். அதற்குப் புதுப் பொருளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அதன் பெயர் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். இந்தக் கறாரான அளவுகோலால் பார்த்தால், நான் மேலே சொன்ன கூரையில் புதுத் தேக்குக் கட்டை ஏறும் இடம் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனாகிவிடும். அன்றாடப் பேச்சில் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை, ஆனால் ஆவணத்தில் பார்ப்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1945 குண்டுவீச்சுக்குப் பின் இடிந்து விழுந்த ஃபிராவன்கிர்ஹே தேவாலயம் 1994 முதல் 2005 வரை மறுபடி எழுப்பப்பட்டது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிய கருத்த கற்களும் புதிதாக வெட்டிய வெளிர் கற்களும் அதன் சுவரில் கலந்து தெரியும். துறைசார்ந்தவர்கள் அதை ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்றுதான் சொல்வார்கள்.

‘அறியப்பட்ட’ என்ற சொல்லுக்கு அழுத்தம் கொடுத்துப் படியுங்கள். கம்போடியாவின் அங்கோர் பகுதியில் பாபுவான் என்ற 11ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. சரியத் தொடங்கியிருந்த அதை நிமிர்த்துவதற்காகப் பிரெஞ்சு வல்லுநர்கள் 1960களில் கல் கல்லாகப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் கற்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்ற குறிப்பேடுகள் உள்நாட்டுப் போரிலும் கெமர் ரூஜ் ஆட்சியிலும் அழிந்துபோயின. 1995 இல் பணி மீண்டும் தொடங்கியபோது காட்டுக்குள் பரந்து கிடந்த கற்களை அளந்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் இடத்தையும் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2011 இல்தான் பணி நிறைவேறியது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கோயிலின் மேற்குப் பக்கத்தில், அதே கோயிலின் கற்களைக் கொண்டே பிற்காலத்தில் பள்ளிகொண்ட புத்தரின் பேருருவம் ஒன்றை அமைத்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டு நிலைக்குத்தான் போக வேண்டும் என்றால் புத்தரைப் பிரித்தெடுக்க வேண்டும். புத்தரை வைத்துக்கொண்டார்கள். அதுவும் ரெஸ்டொரேஷன்தான், ஆனால் அது ‘மூல நிலை’ அன்று, பல நிலைகளுள் தேர்ந்தெடுத்த ஒரு நிலை.

நம் தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே முடிச்சு விழுந்தது. கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931 வாக்கில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலே உள்ளதும் வரலாறு, கீழே உள்ளதும் வரலாறு. எந்த ஒன்றை ரெஸ்டோர் செய்தாலும் மற்றது போய்விடும். தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் ஓவிய அடுக்கைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டித் தனியே வைத்தார்கள். கீழே இருந்த சோழர் ஓவியம் வெளியே வந்தது.

கோயில் திருப்பணியையும் ஆங்கிலச் செய்திகளில் ரெஸ்டொரேஷன் என்றே எழுதுகிறார்கள். இது பல வழக்குகளுக்கும் மனத்தாங்கல்களுக்கும் வித்து. நம் மரபில் ஜீரணோத்தாரணம் என்று சொல்வது சிதைந்ததை வழிபாட்டுக்கு உரியதாக்கிக் குடமுழுக்குச் செய்வதைத்தான். ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டின் தோற்றத்துக்குத் திருப்புவது அதன் நோக்கம் இல்லை. தொல்லியலாளர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது ஒன்றை எதிர்பார்க்கிறார், திருப்பணிக் குழுவினர் வேறொன்றைச் செய்கிறார்கள். கருங்கல் சுவர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மணலைப் பீய்ச்சியடித்த இடங்களில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. அதை ரெனோவேஷன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ரெஸ்டொரேஷன் என்று சொல்ல என் நாக்கு எழாது.


பதில்: சர்வர் அறை

கட்டடத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கணினிப் பக்கத்தை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஐயா. இங்கே இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் சுவர் அல்ல, பல வருடத் தரவே போய்விடும்.

ஐபோனைக் கணினியில் இணைத்தால் ‘ரெஸ்டோர் ஐபோன்’ என்று ஒரு பொத்தானும் ‘ரெஸ்டோர் பேக்கப்’ என்று இன்னொரு பொத்தானும் தெரியும். முதலாவது கருவியில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும். இரண்டாவது பேக்கப்பில் உள்ளவற்றைக் கருவிக்குக் கொண்டுவரும். அழிப்பதும் ரெஸ்டோர், மீட்பதும் ரெஸ்டோர். ஆங்கிலம் கற்றவரையும் இது குழப்பும். ஆசிரியை அம்மா சொன்ன ‘டு’வை இங்கே போட்டுப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்: முதலாவது, கருவியை ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புகிறது, இரண்டாவது, பயனரின் தரவைக் கருவிக்குத் திருப்புகிறது. செயப்படுபொருள் வேறு, போய்ச் சேரும் நிலை வேறு.

விண்டோசில் 2000 ஆம் ஆண்டின் மில்லினியம் பதிப்போடு வந்த சிஸ்டம் ரெஸ்டோர், கணினியின் அமைப்புக் கோப்புகளை முன்பு குறித்துவைத்த ஒரு புள்ளிக்குத் திருப்பும். பயனரின் சொந்த ஆவணங்களைத் தொடாது. அதே விண்டோசில் பெரிதாக்கிய சாளரத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கும் சிறு பொத்தானுக்கும் ‘ரெஸ்டோர்’ என்றே பெயர். யாரும் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஆனால் சொல்லின் பொருள் அங்கேயும் பிசகவில்லை.

ரெஸ்டோர், ரெகவர், ரெட்ரீவ் மூன்றையும் கலந்துவிடாதீர்கள். ரெட்ரீவ் என்பது வைத்த இடத்திலிருந்து எடுப்பது மட்டுமே, எதுவும் தொலைந்திருக்க வேண்டியதில்லை. ரெகவர் என்பது தொலைந்ததையோ சிதைந்ததையோ பாடுபட்டு மீட்பது. தரவுத்தள நிர்வாகிகளிடம் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ரெஸ்டோர் என்ற ஆணை பேக்கப்பில் உள்ள கோப்புகளை அவற்றின் இடத்துக்குக் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பேக்கப் எடுத்த பிறகு நடந்த மாற்றங்களைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, தரவை விபத்துக்கு முந்தைய நொடி வரை கொண்டுவருவது ரெகவர் என்ற அடுத்த ஆணை. முதலாவது பின்னால் போகிறது, இரண்டாவது அங்கிருந்து முன்னால் வருகிறது.

உங்கள் கேமராப் பதிவுக்கு ‘மீட்டெடு’ என்று எழுதுங்கள். ‘மீட்டமை’ வேண்டாம், கைபேசியின் தமிழ் இடைமுகத்தில் அது ரீசெட்டுக்கு வழங்கிவருகிறது. இரவுக் காவலர் அதைப் படித்துவிட்டுப் பதிவுப் பெட்டியை ரீசெட் செய்தால் பொறுப்பு உங்கள் தலையில் விடியும்.


பதில்: வழக்காடி

நீதிமன்றப் பக்கத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. வாதி வராததால் தள்ளுபடியான உரிமையியல் வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கக் கேட்கும் மனுவை நாங்கள் அனைவரும் ‘ரெஸ்டொரேஷன் மனு’ என்றே சொல்கிறோம். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளையைப் புரட்டினால், தள்ளுபடி உத்தரவை நீக்கறவு செய்வது என்பதுதான் அங்கே உள்ள தொடர். உத்தரவு நீங்கினால் வழக்குத் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது, அந்த விளைவின் பெயரே மனுவின் பெயராக நிலைத்துவிட்டது. பதிவேட்டிலிருந்து அடித்துவிடப்பட்ட நிறுவனத்தின் பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்கோ, 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 252ஆம் பிரிவே இந்தச் சொல்லை ஆள்கிறது.

பணிநீக்கம் செய்யப்பட்டவரை மீண்டும் பணியில் அமர்த்துவதற்கு ‘ரீஇன்ஸ்டேட்’ என்பதே சட்ட வழக்கு. அங்கே ரெஸ்டோர் என்று எழுதுவது அரிது.

உடைமையாளரிடம் சேர்ப்பது என்ற பொருளைப் பற்றியும் ஒரு சொல். கோயில்களிலிருந்து களவுபோன நம் திருமேனிகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது செய்தித்தாள்கள் ரிட்டர்ன், ரெகவர், ரெஸ்டோர் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நாட்டுக்குத் திரும்பியதை ‘ரிட்டர்ன்’ என்பது முற்றிலும் சரி. ஆனால் அந்தத் திருமேனி கும்பகோணத்தில் உள்ள பாதுகாப்பு மையத்துக்கே கொண்டுசெல்லப்பட்டது. ‘ரெஸ்டோர்ட் டு இட்ஸ் டெம்பிள்’ என்று எழுத வேண்டுமானால் கோயிலின் சந்நிதியில் அது மீண்டும் எழுந்தருள வேண்டும். பொறியாளர் ஐயா சொன்ன ‘எந்த நிலை’ என்ற கேள்வி இங்கே ‘எந்த இடம்’ என்று வருகிறது.


மறுமொழி: ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்து மூன்று வாக்கியங்களை இப்படி எழுதியிருக்கிறேன்.

மின்சாரத்துக்கு: ‘மின்விநியோகத்தை மீண்டும் தொடங்குவதற்கு முன்பு எல்லாச் சுவிட்சுகளும் அணைக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.’

கேமராப் பதிவுக்கு: ‘அழிந்த பதிவுகளை பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும் முறை.’

கூரைக்கு: ‘பழுதுபார்த்தாலே போதுமான இடங்களைத் தவிர, மற்ற இடங்களில் மேற்கூரையை அதன் பழைய நிலைக்கு மீட்க வேண்டும்.’ ஆங்கில மூலத்தில் ரெஸ்டோர் என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது, ‘டு’ இல்லை. தமிழில் வாக்கியம் நிற்க வேண்டும் என்பதற்காகப் ‘பழைய நிலைக்கு’ என்பதை நான் சேர்த்திருக்கிறேன். இது சரியா? கட்டடத்தின் கூரை மெட்ராஸ் டெரஸ்தான். ஆனால் பின்புறத் தாழ்வாரத்துக்குப் பிற்காலத்தில் மங்களூர் ஓடு வேய்ந்திருக்கிறார்கள்.


பதில்: ஆங்கில ஆசிரியை

முதல் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டாவதில் மட்டும் ‘அழிந்த’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பதிவுகள் அழியாமல், வட்டு மாற்றப்படும்போதும் பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்வார்கள் அல்லவா? மூலத்தில் அந்தச் சொல் இல்லையென்றால் நாமும் சேர்க்க வேண்டாம். ‘மூல நிலை’ பற்றிப் பொறியாளர் ஐயா எழுப்பிய மறுப்பு கட்டடங்களைப் பொறுத்தவரை பொருத்தமானதே. அரியணைக்கும் உடல்நலத்துக்கும் அந்தச் சிக்கல் வருவதில்லை என்பதால் பொதுவான விளக்கத்தில் நான் சொன்னது நிற்கும்.


பதில்: சுண்ணாம்புக்காரை

கூரை வாக்கியத்தை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ‘பழைய நிலை’ என்று எழுதினால், மங்களூர் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தாழ்வாரத்துக்கும் மெட்ராஸ் டெரஸ் போட வேண்டும் என்று ஒருவர் படிப்பார். ஓடு வேய்ந்த நிலையே பழைய நிலை என்று இன்னொருவர் படிப்பார். இரண்டு படிப்புக்கும் உங்கள் வாக்கியத்தில் இடம் இருக்கிறது. ஓட்டுக்கு வயது நூறாக இருந்தால் அதுவும் காக்க வேண்டியதே; இருபதாண்டுக்கு முன் ஒழுகலுக்குப் பயந்து போட்டதாக இருந்தால் கதை வேறு. இதை மொழிபெயர்ப்பாளர் தீர்க்க முடியாது, கையேட்டை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். பழைய நிலை என்பதற்குப் பதிலாக எந்த ஆண்டின் நிலை என்று கேட்டு அவருக்கு எழுதுங்கள். அந்தக் கட்டடத்துக்கு அளவை வரைபடமோ பழைய ஒளிப்படமோ இருந்தால் அதன் ஆண்டைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பதில் வரும் வரை அந்த இடத்தில் ‘____ ஆம் ஆண்டின் வரைபடத்தில் உள்ளபடி’ என்று கோடிட்டு விட்டுவிடுங்கள். வரைபடமே இல்லை என்று பதில் வந்தால் ரெஸ்டோரை எடுத்துவிட்டு ‘இப்போதுள்ள நிலையில் பழுதுபார்த்துக் காக்க வேண்டும்’ என்று மாற்ற அவரிடமே ஒப்புதல் கேளுங்கள்.